உவமைகளை வயலுக்கே கொண்டு போவோம்

இயேசு சொன்ன கதைகளில் வரும் பொருட்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விதை, களை, கடுகு, புளித்த மாவு, மீன் வலை, தொலைந்த ஆடு, தொலைந்த காசு, விளக்கு, உப்பு, அத்திமரம், திராட்சைத் தோட்டம், நாள் கூலி, கடன். அரசர்களும் செல்வந்தர்களும் சில கதைகளில் தலை காட்டுகிறார்கள். ஆனாலும் கதை நடக்கும் இடம் பெரும்பாலும் வயல், அடுப்படி, ஏரிக்கரை, தெரு. கேட்டவர்கள் கலிலேயா நாட்டுப்புறத்து மக்கள். குத்தகை, வரி, கடன் என்று மூன்று பக்கமும் நெருக்க, நடுவில் பிழைத்தவர்கள். அந்தக் கதைகளுக்கு அவர்கள் யாரிடமும் உரை கேட்டிருக்க வேண்டியதில்லை. காலையில் செய்த வேலையைத்தான் மாலையில் கதையாகக் கேட்டார்கள்.

இன்று நம் ஆலயங்களில் அதே கதைகள் எப்படிச் சொல்லப்படுகின்றன? விதை என்றால் வசனம். நிலம் என்றால் இருதயம். களை என்றால் பாவம். கூலி என்றால் பரலோகம். இந்த விளக்கங்களில் சில வேதாகமத்திலேயே இருக்கின்றன. அவற்றை நாங்கள் மறுக்கவில்லை. நிலம் என்றால் நிலமும்தான், கூலி என்றால் கூலியும்தான் என்று சேர்த்துச் சொல்ல ஏன் பிரசங்க பீடத்துக்கு வாய் வரவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. நிலம் உள்ளவருக்கு நிலத்தை இருதயமாக்கிவிடுவது எளிது. நிலம் இல்லாதவருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் சமூகப் பணி செய்கிறவர்கள். சனிக்கிழமை மாலைகளில், காலனியில் இருக்கும் சின்ன ஆலயத்தின் திண்ணையில் பதினைந்து இருபது பேர் கூடுவோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள், கல்லூரி மாணவர்கள். கடவுளே வேண்டாம் என்று சொல்லும் தோழர்கள் இரண்டு மூன்று பேரும் வந்து உட்காருவார்கள். ஒரு உவமையை வாசிப்போம். யாரும் பிரசங்கம் செய்வதில்லை. கேள்வி மட்டும் கேட்போம். சமூகவியல் முதுகலை வகுப்பில் இப்படிப்பட்ட மக்களைத் 'தகவல் தருவோர்' என்று குறிக்கப் படித்தோம். திண்ணையில் அவர்கள்தான் உரையாசிரியர்கள். அங்கே கேட்டதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறோம்.

பறவைகளுக்குச் சோறு போடுவது யார்?

ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதில்லை, அறுப்பதில்லை, களஞ்சியம் கட்டுவதில்லை, ஆனாலும் பரமபிதா அவற்றுக்கு உணவளிக்கிறார் என்று இயேசு சொன்ன பகுதியை ஒரு நாள் வாசித்தோம். இந்தப் பகுதியை வைத்து நம் மக்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கம் நடந்திருக்கிறது. 'ஆகவே கவலைப்படாதீர்கள்' என்று முடியும் பிரசங்கம்.

நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் வராமல் இருந்த நேரம் அது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது. வரவில்லை. ஒரு அக்கா சொன்னார்: "கவலப்படாதன்னு சொன்னா கவல போயிடுமா தம்பி? கடக்காரன் கேக்குறானே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த ஒரு ஆயா கேட்டார்: "அந்தப் பறவய யாராச்சும் இது எங்க ஏரி, இறங்காதன்னு சொன்னாங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எங்களுக்குப் பாடம் திறந்தது. எங்கள் பகுதியிலிருந்து வேடந்தாங்கல் தொலைவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நீர்க்கடம்பு மரங்கள் பாதி முழுகி நிற்கும். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். இதை அறிந்துதான் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். வெடிச் சத்தம்கூட வேண்டாம் என்று வைத்தார்கள். 1798இலேயே அன்றைய ஆங்கிலேயக் கலெக்டர் அந்தக் காவலுக்கு அங்கீகாரம் தந்தார். 1936இல் அது சரணாலயம் ஆனது. விதைக்காத பறவை விதைத்தவனின் வயலுக்கு உரம் போடுகிறது. ஏரி எல்லாருக்கும் திறந்திருப்பதால் பறவை உண்கிறது. பறவை உண்பதால் வயல் விளைகிறது.

கடவுள் உணவளிக்கிறார் என்றால் எந்த வழியாக அளிக்கிறார்? வேலி போடாத ஏரியின் வழியாக அளிக்கிறார். இதை எங்கள் பெண்கள் உடனே தங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது வரப்பில் கீரை பறித்தார்கள், வயலில் நண்டும் நத்தையும் பிடித்தார்கள், ஏரி வற்றும்போது விராலும் கெளுத்தியும் அள்ளினார்கள். கூலி இல்லாத நாளிலும் குழம்பு இருந்தது. இப்போது வரப்பில் களைக்கொல்லி. ஏரி மீன் ஏலத்தில் போகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் யாரோ முள்வேலி போட்டிருக்கிறார்கள். பறவையைப் போலக் கவலையில்லாமல் வாழச் சொல்கிறவர்கள், பறவைக்கு இருக்கிற ஏரி நமக்கும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொது நிலத்தையும் பொது நீரையும் மீட்பது உணவளிக்கும் கடவுளின் வேலையில் கை கொடுப்பது. எங்கள் விசுவாசத்தில் அதற்கு இடம் உண்டு.

நெல்லைப் போலவே நிற்கும் புல்

கோதுமை வயலில் இரவோடு இரவாகப் பகைவன் களை விதைத்த கதை உங்களுக்குத் தெரியும். வேலைக்காரர்கள் களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான்.

இந்தக் கதையை வாசித்ததும் திண்ணையில் சிரிப்பு. "அறுப்பு வரைக்கும் களைய வுட்டா அப்புறம் எதத் தம்பி அறுக்கறது?"

களையெடுப்பைப் பற்றி அவர்களிடம் கேட்டோம். நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் வயலில் இறங்க வேண்டும். நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கும். கதிர் வரும் வரை தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கையால் பார்த்தால் தெரியும். தாளும் உறையும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சின்ன நாக்கு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பூனைமயிர் இருக்கும். அந்தப் புல்லுக்கு அது இருக்காது. பாடப்புத்தகத்தில் பின்னால் தேடியபோது பயிரியல் வல்லுநர்களும் இதே அடையாளத்தைத்தான் சொல்கிறார்கள் என்று கண்டோம். எங்கள் பெண்கள் இதைச் சேற்றில் குனிந்து, விரலால் படித்திருக்கிறார்கள்.

அப்படியானால் கதை தவறா? ஒரு மாணவர் கேட்டார். அதற்கு ஒரு அக்கா சொன்ன பதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. "எஜமான் வரப்புல நிக்கிறவரு. அவருக்குப் பயம். எது நெல்லு எது புல்லுன்னு தெரியாதவன் பிடுங்கக் கூடாதுன்னு சொல்றாரு. அது சரிதான். தெரிஞ்சவங்க பிடுங்கலாமே."

ஆளைப் பார்த்து, பெயரைப் பார்த்து, தெருவைப் பார்த்து மனிதரைக் களை என்று முடிவு கட்டாதே என்பதே அந்தக் கதையின் எச்சரிக்கை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். யார் கையில் அதிகாரம் இருந்தாலும் அது பொருந்தும். சாதியே அப்படி ஒரு அவசரத் தீர்ப்புதான். பிறந்த அன்றே ஒரு குழந்தையைக் களை என்று எழுதி வைப்பது. ஆனால் இந்தக் கதையை நம்மிடம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அநியாயத்தைப் பொறுத்துக்கொள், கடைசி நாளில் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று. மனிதரைத் தீர்ப்பிடாமல் இருப்பது ஒன்று. தீண்டாமையைப் பிடுங்காமல் விடுவது வேறு ஒன்று. இந்த இரண்டையும் குழப்பாமல் இருக்க, அந்த அக்காவின் விரல் நுனி வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கும் நின்றவர்கள்

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் எந்தக் கூட்டு ரோட்டிலும் காலை ஆறரை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். தூக்குச் சட்டியோடு ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். மேஸ்திரி வண்டியில் வருவார். கண்ணால் அளப்பார். திடமான இளைஞர்கள் முதலில் ஏறுவார்கள். எட்டரை மணிக்கு மேல் நிற்கிறவர்கள் யார்? வயதானவர்கள், மெலிந்தவர்கள், கைக்குழந்தை உள்ள பெண்கள், போன வாரம் கூலியை விட்டுக்கொடுக்காமல் கேட்டவர்கள்.

திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதை இந்தக் கூட்டு ரோட்டில்தான் தொடங்குகிறது. தோட்டக்காரர் விடியற்காலையில் வந்து ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் வருகிறார். அப்போதும் நிற்கிறவர்களிடம் ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். வேலையில்லாதவரைச் சோம்பேறி என்று திட்டும் ஒவ்வொருவரும் அந்தப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி. ஒரு தெனாரியம், அன்றைய ஒரு நாள் கூலி. காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். எங்கள் திண்ணையிலும் முணுமுணுப்பு எழுந்தது. அது எப்படி நியாயம்? முழு நாள் செய்தவனுக்குக் கூட வேண்டாமா? சங்கம் கட்டிக் கூலிக்குப் போராடியவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

முடிவில் அந்த ஆயாதான் மறுபடியும் பேசினார். "ஐஞ்சு மணிக்கு வந்தவ வூட்லயும் நாலு புள்ளைங்க இருக்குமில்ல. பசிக்கு மணி தெரியுமா?"

உழைத்த நேரத்துக்கு மட்டும் அளந்து கொடுப்பது ஒரு கணக்கு. ஒரு குடும்பம் அன்று உயிர் வாழ என்ன தேவையோ அதைக் கொடுப்பது இன்னொரு கணக்கு. இயேசு சொன்ன கடவுளின் அரசு இரண்டாவது கணக்கில் ஓடுகிறது. குறைந்தபட்சக் கூலி, வேலை உறுதி என்று நாம் கேட்பதெல்லாம் அந்தக் கணக்கின் பக்கத்தில் நிற்பவை. காலையில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் பிடுங்கவில்லை.

வேதாகமத்தில் கூலியைப் பற்றி இன்னும் கடுமையான பகுதிகள் உண்டு. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுக்க வேண்டும் என்பது உபாகமத்தின் சட்டம். பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்பது யாக்கோபு எழுதிய நிருபத்தின் செய்தி. இவற்றை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு. உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பைப் பாடிக்கொண்டிருந்த இரவு. நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதற்கும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்கும் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கிறித்தவர்கள் அல்ல. அவர்களின் குரல் கடவுளின் காதுக்குப் போயிருக்காது என்று சொல்லும் துணிச்சல் எந்த ஆயருக்கு இருக்கிறது? நம் ஆலயங்களில் டிசம்பர் 25 அன்று பெத்லகேமின் குழந்தைக்காகப் பாடும்போது, வெண்மணியின் குழந்தைகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம். எங்கள் திண்ணையில் நிற்கிறோம்.

ஒரு கை புளித்த மாவு

ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்று படி மாவில் அடக்கி வைத்தாள், எல்லாம் புளித்தது. இவ்வளவுதான் கதை. ஆண்கள் இந்தக் கதையை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பெண்கள் கடக்க விடவில்லை. மாவு ஆட்டி, பழைய மாவில் ஒரு கை போட்டு, உப்பு சேர்த்துக் கையாலேயே கலக்கி மூடி வைக்கும் வேலையை அவர்கள் இரவுதோறும் செய்கிறார்கள். கை சூடு பட்டால்தான் நன்றாகப் பொங்கும் என்றார்கள். விடியும்போது பாத்திரம் வழிந்து நிற்கும். யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. பஸ்கா நாட்களில் யூத வீடுகளில் புளித்த மாவைத் துளியும் இல்லாமல் அகற்றுவது வழக்கம். பலிபீடத்தில் படைக்கும் உணவிலும் பெரும்பாலும் புளிப்புக்கு இடமில்லை. இயேசுவே வேறு இடத்தில் பரிசேயரின் தீய போக்கைப் புளித்த மாவு என்று கண்டித்திருக்கிறார். அப்படி விலக்கி வைத்த பொருளைக் கையில் எடுத்து, கடவுளின் அரசு இதைப் போன்றது என்கிறார். விலக்கி வைத்த பொருள், பெண்ணின் கை, ஏழை வீட்டு அடுப்படி. தீட்டு என்று ஒதுக்கியதற்குள்தான் முழு மாவையும் பொங்க வைக்கும் சக்தி இருக்கிறது என்று சேரியில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மாலை நேர வகுப்பு நடத்தும் எங்கள் தங்கைகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு குழல் விளக்கு. முப்பது பிள்ளைகள். அவர்களுக்கு மேடை இல்லை, பொன்னாடை இல்லை. ஆனால் அந்தத் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண்கள் குறைந்திருக்கிறார்கள். மாவு உள்ளே கலந்திருக்கிறது.

மழை ஒன்று, ஆணை வேறு

கடவுள் நீதிமான் மேலும் அநீதி செய்பவன் மேலும் ஒரே மாதிரி மழை பெய்யச் செய்கிறார் என்கிறார் இயேசு. மழைக்குச் சாதி தெரியாது என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். மழைக்குத் தெரியாது, விழுந்த மழை ஓடும் வழிக்குத் தெரியும். ஊர்த் தெரு மேட்டில் இருக்கிறது. காலனி, ஏரியின் கலங்கல் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. ஒரே மழை அங்கே குளிர்ச்சி, இங்கே முழங்கால் தண்ணீர். கடவுள் சமமாக அனுப்பியதை மனிதர்கள் வாய்க்கால் வெட்டிச் சாதிவாரியாகப் பிரித்துவிட்டார்கள்.

அப்படி வெட்டிய வாய்க்கால்களில் ஒன்று 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதியாக ஏற்கப்பட இந்துவாக இருக்க வேண்டும் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. மதத்தைக் காரணம் காட்டும் அந்தப் பத்தியை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறோம். ஒரே தெருவில், ஒரே தீண்டாமையைச் சந்திக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் போகிற வீட்டுக்கு இருக்காது.

அரசை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. மதம் மாறியும் சாதி போகவில்லை என்பதை அம்பேத்கர் அன்றே எழுதிக் காட்டினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். மழை அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் பெய்கிறது. புல் இரண்டு பக்கமும் முளைக்கிறது. மண் இரண்டு பக்கமும் உடலை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்கிறது. இயற்கை செய்யும் அந்தப் பிரசங்கத்தைச் சபை கேட்க மறுக்கிறது.

ஐந்தாவது நிலம்

விதைப்பவன் கதையில் நான்கு வகை நிலம் வரும். வழியோரம், பாறை, முட்புதர், நல்ல நிலம். எங்கள் திண்ணையில் ஒரு பெரியவர் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார். "நல்ல நெலந்தான். ஆனா நம்மளுது இல்ல."

அவர் பேசியது வேதாகமத்தைப் பற்றி மட்டும் அல்ல. இந்த மாவட்டத்தின் வரலாறே அந்த ஐந்தாவது நிலத்தில் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். ஆண்டாம் ஆண்டு உழைத்தும் ஒரு துண்டு நிலமோ, குடியிருக்கும் மனையோகூடச் சொந்தமில்லாத அடிமை நிலையை அதில் பதிவு செய்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் இதே மக்களுக்கு நிலம் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். நிலத்தை இருதயம் என்று மட்டும் பிரசங்கிக்காத கிறித்தவர்கள் நம் வரலாற்றில் உண்டு. 1892இல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கை மாறிப் போனது.

ஒரு நூற்றாண்டு கழித்து, காரணை என்ற ஊரில் அந்த நிலத்தைக் கேட்டு மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின் மீது காவல் துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை.

இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு ஆணை மதத்தை வைத்துப் பிரிக்கிற மக்கள், ஒரே நிலத்துக்காக ஒரே நாளில் விழுந்தார்கள். கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்ற போதனையை நாங்கள் எத்தனையோ துக்க வீடுகளில் கேட்டிருக்கிறோம். செங்கல்பட்டில் அது இரண்டு மனிதர்களின் பெயர். எங்களுக்கு அந்த நாள் ஒரு திருநாளைப் போலவே முக்கியம். பாதிரியாரோ பூசாரியோ இல்லாமலே நம் மக்கள் அதை நினைவுகூர்கிறார்கள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நிலம் இல்லாத மக்கள் காணிக்கை கொண்டு வருவார்கள். கூரையில் காய்த்த சுரைக்காய், வீட்டுக் கோழி, நாலு முட்டை, முருங்கைக் கட்டு. ஏலத்தில் ஒரு முட்டையைப் பத்து மடங்கு விலைக்கு ஒருவர் எடுப்பார், கை தட்டுவோம். மகிழ்ச்சியான நாள். ஊரார் வயலையெல்லாம் அறுத்துப் போட்டவர்கள் தங்கள் சொந்த அறுப்பாகக் கொண்டு வர இருப்பது அந்தச் சுரைக்காய்தான் என்பதையும் அன்றைக்கே பேச வேண்டும்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

இப்படி வாசிப்பது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற சொல்லாடல் வளர்ந்தது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார்; ஒரே உலையில் சமைத்து எல்லாரும் உண்பதை நற்கருணையின் பொருளாகக் கற்பித்தார். பாமா 1992இல் வெளியிட்ட தன் நூலுக்குக் 'கருக்கு' என்று பெயர் வைத்தார். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் அந்த ரம்பப் பல், விறகு பொறுக்கிய சிறுமியின் கையைக் கீறியது. அதிலேயே வேதாகமம் சொல்லும் இருபுறமும் கூர்மையான வாளையும் அவர் கண்டார். பனைமரத்தை எத்தனையோ கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். அதன் மட்டையால் கீறல் பட்ட கை எழுதியபோதுதான் இந்தப் பொருள் கிடைத்தது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு உவமையை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து மரத்தடியில் உட்காரும் நம் பெண்களிடம் வாசியுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கதையில் வேலை செய்வது யார்? நிலம் யாருடையது? யார் கூப்பிடப்படவில்லை? இதே கதை நம் ஊரில் நடந்தால் என்ன ஆகும்? பிறகு பேசாமல் கேளுங்கள். நீங்கள் விசுவாசியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் நாத்திகத் தோழர்கள்தான் பல நாட்களில் நல்ல கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது நிலத்தைப் பற்றி யாராவது பேசினால், அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டு அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். எங்கள் திண்ணைக் கூட்டத்திலிருந்து இதுவரை மூன்று மனுக்கள் போயிருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் வந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் மேல்முறையீடு எழுதி முடித்து, வரும் சனிக்கிழமை கையெழுத்து வாங்குகிறோம்.

ஜெய்பீம்.